கரையோர வீதியும் கரையூர் மக்களும்

சுன்னாகம் கடல் காணாத ஊர். ஆயினும் அதன் சந்தியிலிருந்து காங்கேசன்துறை வீதியில் வடக்கே சென்றால், மல்லாகமும் தெல்லிப்பழையும் கடந்து கடலை அடையலாம். அங்கிருந்து மேற்கே கீரிமலை, மாதகல். கிழக்கே மயிலிட்டி, தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை. இவற்றை இணைத்து உல்லாசப் பயணிகளுக்கென மோட்டார் வழியொன்று வகுப்பதாயின், அது அவர்களுக்கு எதைக் காட்டவேண்டும்? நீலக் கடலை மட்டுமா?

மாதகலை அடுத்த சம்பில்துறையே, கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வெள்ளரசுக் கிளையுடன் சங்கமித்தை வந்திறங்கிய ஜம்புகோளம் என்பர். அரசகுமாரிக்கு அங்கே நினைவிடம் உண்டு. அக்கப்பலின் பாய் விரித்த கைகளை நினைப்பார் யார்?

பழங்கதையை விடுவோம். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதனை விலைக்கு வாங்கியவர் வில்லியம் அல்பேர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர். வாங்கியவரின் மனைவியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. கட்டிய தச்சரையும் செலுத்திய தமிழ் மாலுமிகளையும் அவர்தம் ஊரே பெரிதும் நினைவில் வைத்திருக்கிறது.

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் கடலோடிச் சமூகத்தவரே பூசகர். வாயைத் துணியாற் கட்டி, மந்திரமின்றி மௌனமாகப் பூசை செய்வர். சாதி இறுகிய யாழ்ப்பாணத்தில் இஃது எளிய செய்தியன்று. கோயிலைக் காட்டுவோர் இதனைச் சொல்லாது விடுவரேல், காட்டியது வெறும் கட்டடமே.

இனி மயிலிட்டி. வடபகுதியின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களுள் ஒன்றாயிருந்த இவ்வூர் 1990இல் போரினால் வெறிச்சோடியது. உயர் பாதுகாப்பு வலயத்துள் அடைபட்டது. துறைமுகம் மீண்டது 2017இல். இடைப்பட்ட 27 ஆண்டுகளில் கரையூர் மக்களிற் பலர் வாழ்ந்தது எங்கே? சுன்னாகத்திலும் மல்லாகத்திலும் எழுந்த நலன்புரி முகாம்களில். தம் கடல் சில மைல் தொலைவிற் கிடக்க, வலை வீசிய மக்கள் உள்ளூரில் கூலி தேடினர். வள்ளம் ஏறாமலே வளர்ந்தது ஒரு தலைமுறை.

ஆகவே, இவ்வழியின் முதற் தரிப்பிடம் கடலோரத்தில் இல்லை, சுன்னாகத்திலேயே இருக்கிறது. கடலை இழந்தோர் கடலுக்குத் திரும்பிய வழியும் இதுவே என்பதைப் பயணி இங்கே அறிந்துகொண்டு புறப்படட்டும். எங்கே நிறுத்துவது, எந்தக் கதையைச் சொல்வது, எந்தக் கரையை வலை உலர்த்துதற்கு விட்டுவைப்பது என்பவற்றைத் தீர்மானிக்கும் சபையில் கரையூர் மக்கள் அமரவேண்டும். படமெடுத்துச் செல்வோருக்குத் தேநீர் விற்பதோடு அவர்தம் பங்கு முடிந்துவிடலாகாது. அவர்களைக் கேளாது அமையும் வீதி, எவ்வளவு அழகாயினும், அவர்களது கரையை இன்னொருமுறை பறிப்பதாகவே முடியும்.