முக ஒளிச் சிகிச்சை

கரும்புள்ளி, சிவந்த இரத்தநாள இழை, வேண்டாத முடி ஆகியவற்றைக் குறைக்க, ஏறத்தாழ 500 முதல் 1200 நானோமீட்டர் வரையிலான ஒளியைத் துடிப்புகளாகப் பாய்ச்சும் முறை. 'ஐ.பி.எல்.' என்பர். இது லேசர் அன்று, லேசருக்கு ஒற்றை அலைநீளம்.

கரும்புள்ளியிலும் முடியிலும் ஒளியை உறிஞ்சிச் சூடாவது மெலனின் நிறமி. மாநிற, கறுப்புத் தோலின் மேலடுக்கிலேயே அது மிகுதி என்பதால் தீப்புண்ணும் கருந்தழும்பும் நேரலாம். மங்கு இன்னும் கறுக்கக்கூடும். வெள்ளைத்தோலுக்கான அளவு நமக்கு அப்படியே பொருந்தாது. கீழ்பென்னாத்தூர் வயல்களில் வேலைசெய்வோரும், திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலத்தைப் பகலில் நடப்போரும் வெயிலில் கறுத்த முகத்தோடு இதற்குச் செல்லலாகாது. சில வாரம் வெயில் தவிர்க்க வேண்டும். கர்ப்பம், உட்கொள்ளும் மாத்திரைகள், உதட்டில் அக்கி வந்த வரலாறு ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். கண்காப்பும் சிறு சோதனைப் பாய்ச்சலும் இல்லாத இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள். தோல் மருத்துவரையே நாடுங்கள்.