அம்பாசிடரைத் தாங்கிய பட்டறைகள்

2014இல் உற்பத்தி நின்ற அம்பாசிடர் அத்தனை காலம் ஓடியது அதன் உறுதியால்தான் என்பார்கள். சேலம், நாமக்கல் வட்டாரத்தைப் பார்த்தால் அந்தப் பெருமையில் பாதிக்கு மேல் பட்டறைகளுக்கே உரியது. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரித் தொழிலை நம்பி வளர்ந்த லேத், வெல்டிங் வேலைதான் இளம்பிள்ளை போன்ற தறி ஊர்களின் கார்களுக்கும் அருகிலிருந்த துணை. கார்புரேட்டர் ஜெட்டைக் கழற்றி ஊதி, கான்டாக்ட் பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்தால் பெரும்பாலும் வண்டி கிளம்பிவிடும். இப்படி ரிப்பேரில் மிச்சமான பணத்தைப் பெட்ரோல் தின்றிருக்குமே என்று கேட்கலாம். நியாயம்தான், 1983இல் வந்த மாருதி 800 பக்கம் மக்கள் சாய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பெட்ரோல் செலவு நாளுக்கு நாள் பிரிந்து வரும், ரிப்பேர் செலவோ ஒரே அடியாய் வரும். நூல் விலையோடு கையிருப்பும் ஏறி இறங்கும் தறிக்காரக் குடும்பத்தை அதிகம் உலுக்குவது இரண்டாவதுதான். இன்றைய வண்டியில் சென்சார் போனால் தேய்த்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.