ஃபெயில்ஓவர் சோதனையில் விடுபடுவது: முடிவெடுக்கும் உறுப்பு

மேகக் கணிமையில் இயங்கும் ஒரு செயலி எப்போதும் கிடைக்கும் என்று உறுதிசொல்ல வழக்கமாகச் செய்யப்படும் சோதனை எளிமையானது. லோட் பேலன்சருக்குப் பின்னால் இருக்கும் சர்வர்களில் ஒன்றை நிறுத்துவார்கள். கோரிக்கைகள் மற்ற சர்வர்களுக்குப் போகின்றனவா, அதற்கு எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். போனால் தேறியதாகக் கணக்கு. இந்தச் சோதனை தேவைதான். ஆனால் ‘பழுது நேர்ந்துவிட்டது’ என்ற முடிவை அமைப்பின் எந்த உறுப்பு எடுக்கிறது, எங்கே நின்று பார்த்து எடுக்கிறது, எந்த அறிகுறியை நம்பி எடுக்கிறது என்ற கேள்விகளை அது தொடுவதே இல்லை. ஃபெயில்ஓவர் சோதனை முதலில் சோதிக்க வேண்டியது அந்த உறுப்பைத்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப்பில் நடந்ததை இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளலாம். பழுதாகி வந்த ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றும் வழக்கமான பணியின்போது, அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்த வலைப்பின்னல் மையத்துக்கும் முதன்மைத் தரவு மையத்துக்கும் இடையே தொடர்பு அறுந்தது. 43 வினாடிகளில் தொடர்பு மீண்டது. அதற்குள், மைஎஸ்கியூஎல் தரவுத்தளங்களில் எது தலைமை என்று தீர்மானிக்கும் ஆர்க்கெஸ்ட்ரேட்டர் மென்பொருள் செயலில் இறங்கிவிட்டது. மேற்குக் கரைத் தரவு மையத்திலும் கிழக்குக் கரைப் பொது மேகத்திலும் இருந்த அதன் கணுக்கள் தமக்குள் பெரும்பான்மை கூடி, தலைமையை மேற்குக்கு மாற்றின. கிழக்கில் எழுதப்பட்டு மேற்குக்குப் போய்ச் சேராத பதிவுகள் ஒருபுறம் இருக்க, மேற்கிலும் ஏறத்தாழ 40 நிமிடங்களுக்குப் புதிய பதிவுகள் ஏறிவிட்டன. ஒரு பக்கம் இருப்பது மறுபக்கம் இல்லாத நிலையில் பழைய இடத்துக்குத் திரும்பவும் வழியில்லை. சேவை முழுதாகச் சீரடைய 24 மணி 11 நிமிடம் ஆயிற்று.

இங்கே முடிவெடுத்த மென்பொருள் தவறாக இயங்கவில்லை. ஆர்க்கெஸ்ட்ரேட்டர் அமைத்தபடியே நடந்துகொண்டது என்பதைக் கிட்ஹப்பின் அறிக்கையே பதிவுசெய்கிறது. கிழக்கில் இருந்த செயலிகள் கண்டத்தின் மறுகோடியில் உள்ள தரவுத்தளத்தில் எழுதவேண்டி வந்தபோது, அந்தக் கூடுதல் தாமதத்தை அவற்றால் தாங்க முடியவில்லை. ‘தலைமை மாறுகிறதா’ என்று மட்டும் கேட்கும் சோதனையில் இந்த அமைப்பு முழு மதிப்பெண் வாங்கியிருக்கும். பிற்பாடு தலைமை வட்டார எல்லையைத் தாண்டாதபடி அமைப்பை மாற்றப்போவதாக நிறுவனம் அறிவித்தது. அதாவது, எப்போது ஃபெயில்ஓவர் நடக்கக் கூடாது என்ற விதி விபத்துக்குப் பிறகே எழுதப்பட்டது.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் 6 மணி நேரம் முடங்கியதிலும் இதே கூறு உண்டு. பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலைப்பின்னலைத் துண்டித்தது. தரவு மையத்தோடு பேச முடியாத டிஎன்எஸ் சர்வர் தன்னைப் பழுதானதாகக் கருதி, தன் பிஜிபி அறிவிப்பை விலக்கிக்கொள்ள வேண்டும் என்பது அங்கிருந்த ஏற்பாடு. ஒரு சர்வருக்கு அது நல்ல விதி. எல்லாச் சர்வர்களும் ஒரே நேரத்தில் அதையே செய்தபோது, ஃபேஸ்புக்கின் முகவரிகளே இணையத்தில் கண்டறிய முடியாதவை ஆயின. பெரும் பழுதுகளை ஒத்திகை பார்க்கும் பழக்கம் அந்நிறுவனத்துக்கு ஏற்கெனவே இருந்தது. முதுகெலும்பு முழுதும் அறுவதை மட்டும் ஒத்திகை பார்த்ததில்லை.

இத்தகைய விதி எளிய செயலிகளிலும் இருக்கிறது. அமேசானின் அப்ளிகேஷன் லோட் பேலன்சர், இயல்பு அமைப்பில் 30 வினாடிக்கு ஒருமுறை ஹெல்த் செக் அனுப்பும். தொடர்ந்து 2 முறை தவறிய சர்வரை ஒதுக்கும். மீண்டும் சேர்க்க 5 முறை தேற வேண்டும். அந்த ஹெல்த் செக் தரவுத்தளத்தையும் தொட்டுப் பார்க்கும்படி எழுதப்பட்டிருந்தால், தரவுத்தளம் இரண்டு நிமிடம் திணறினாலும் நலமாக உள்ள எல்லாச் சர்வர்களும் ஒருசேரத் தவறும். எல்லாமே தவறிவிட்டால் அந்த லோட் பேலன்சர் எல்லாவற்றுக்கும் கோரிக்கையை அனுப்பத் தொடங்கும். இந்த நடத்தையைத் தன் செயலியில் கண்ணால் பார்த்த குழுக்கள் குறைவாகவே இருக்கும் என்று கருதுகிறேன். மறுதலையாக, ஹெல்த் செக் 200 என்ற விடையை மட்டும் கேட்டால், தரவுத்தள இணைப்புகள் தீர்ந்து உண்மையான கோரிக்கைகளை எல்லாம் தவறவிடும் சர்வரும் நலமானதாகவே காட்சி தரும். பயனருக்குப் பழுது தெரிந்தும் கண்காணிப்புக்குத் தெரியாத இந்த நிலையைத்தான் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2017இல் ‘சாம்பல்நிறப் பழுது’ என்று வரையறுத்தார்கள். சர்வரை நிறுத்திப் பார்க்கும் சோதனையில் இது ஒருநாளும் வெளிப்படாது, ஏனெனில் நிறுத்தப்பட்ட சர்வர் எல்லோர் கண்ணுக்கும் ஒன்றுபோலவே நின்றிருக்கிறது.

நெட்ஃபிளிக்ஸின் கேயாஸ் மங்கி மரபைச் சேர்ந்தவர்கள் இதை மறுக்கக் கூடும். உண்மையான பயனர்கள் இருக்கும்போதே சர்வர்களைக் கொன்று பழகினால் போதும் என்பது அவர்கள் கட்சி. அதில் வலுவுண்டு. 2015 செப்டம்பரில் அமேசானின் டைனமோடிபி சேவை வர்ஜீனியா வட்டாரத்தில் விழுந்தபோது, ஒரு வட்டாரத்தையே காலிசெய்யும் ஒத்திகை நெட்ஃபிளிக்ஸுக்குக் கைகொடுத்தது. கொள்ளளவுக் கணக்கைச் சரிபார்க்கவும் அதைவிட நல்ல வழி இல்லை: மூன்று மண்டலங்கள் தலா 60 விழுக்காடு சுமையில் இருந்தால், ஒன்று விழும்போது மற்ற இரண்டும் 90க்கு ஏறித் தாங்கும், 70 விழுக்காட்டில் இருந்தால் 105 ஆகிவிடும். ஆயினும் ஒத்திகையில் காலிசெய்வது என்ற முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட்டது. பழுதை அமைப்பு தானாக அறியுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 2009 முதல் 2015 வரை 32 இணையச் சேவைகளில் நேர்ந்த 597 முடக்கங்களை ஆராய்ந்த குனாவி குழுவினர், ஒற்றைப் பழுதுப்புள்ளி இல்லாத அமைப்புகளும் வீழ்வதற்குப் பழுதை அறிதல், மாறுதல், மாற்று ஆகிய மீட்புச் சங்கிலியிலேயே குறை இருப்பதைக் காரணமாகக் காட்டினர். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணிதான் இன்றைய சோதனைகளில் விடுபடுகிறது.

ஆகவே சர்வரை நிறுத்துவதோடு நில்லாமல் மெதுவாக்கியும் பார்க்க வேண்டும். லினக்ஸின் நெட்எம் கொண்டு தாமதத்தையும் பாக்கெட் இழப்பையும் படிப்படியாக ஏற்றி, எந்த அளவில் லோட் பேலன்சர் விழிக்கிறது, பயனர் எந்த அளவில் பாதிக்கப்படுகிறார் என்ற இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும். இடையிலுள்ள வெளிதான் சோதனையின் உண்மையான முடிவு. தொடர்பை ஒரு திசையில் மட்டும் துண்டித்துப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கும் குறைவான துண்டிப்பில் ஃபெயில்ஓவர் நிகழாமல் இருக்கிறதா என்பதும், நிகழ்ந்துவிட்டால் பதிவுகளை இழக்காமல் பழைய இடத்துக்குத் திரும்ப முடிகிறதா என்பதும் தேர்ச்சி நிபந்தனைகளாக அறிக்கையில் இடம்பெற வேண்டும்.