ஒரு ரூபாய் இட்லி

திருவல்லிக்கேணி மெஸ்கள் மேன்ஷன்களை நம்பி வளர்ந்தவை. வேலை தேடி வந்த ஆண்கள் குறைந்த காசில் அங்கே வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். ஆய்வு மாணவியாக இருந்தபோது நானும் ஒருமுறை போனேன். யாரும் தடுக்கவில்லை. ஆனால் சுற்றியிருந்தவர்கள் தங்கள் இலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். பெரிய ஓட்டல்களின் ‘ஃபேமிலி ரூம்’ எனக்குக் கட்டுப்படியாகாது. பல மதியங்கள் டீயும் பன்னும்தான். மலிவுச் சாப்பாட்டைப் பற்றி ஏக்கத்தோடு எழுதும் ஆண்கள் இந்தப் பன்னை எழுதுவதில்லை.

2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் திறந்தது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. நின்றபடி சாப்பிடும் மேசைகள். பூ விற்பவரும் வீட்டுவேலை முடித்து வந்தவரும் தனியாக வந்து, யாருக்கும் காரணம் சொல்லாமல் சாப்பிட்டார்கள். அவர்கள் பக்கத்தில் நின்று நானும் தட்டைக் காலி செய்தேன்.

சமைத்தவர்கள், பரிமாறியவர்கள், பாத்திரம் துலக்கியவர்கள் எல்லாரும் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். தொடக்கத்தில் நாட்கூலி 300 ரூபாய். ஒரு ரூபாய் இட்லியை நாடே பேசியது. இந்த 300 ரூபாயை, பெண்ணியம் பேசும் நாமும்கூட, அந்த அளவுக்குப் பேசவில்லை.

டோக்கன் கொடுத்தவரிடம் வேலை எப்படி என்று கேட்டேன்.

“வீட்லயும் இதே வேலதாம்மா. இங்க கூலி தர்றாங்க.”

“நீங்க சாப்டாச்சாக்கா?”

“மூடிட்டுத்தான்.”

மணி மூன்றாகப் போகிறது. வரிசையில் இன்னும் ஆள் இருந்தது.