நூற்று இருபது மாணவரும் ஓர் அகராதியும்

பிறநாடு சென்று தொழில் கற்று மீள்வது இக்காலத்து மாணவர்க்கு வியப்பான செயலன்று. மலேசிய அரசு 1982ஆம் ஆண்டில் கிழக்கை நோக்கும் கொள்கையை வகுத்தபின், நம் நாட்டு இளைஞர் பலர் ஜப்பானுக்குச் சென்று பொறியியலும் தொழில்நுட்பமும் பயின்று திரும்பியுள்ளனர். இவ்வாறு மாணவரை அனுப்பும் ஒவ்வொரு நாட்டின் முன்னும் ஒரு வினா நிற்கும். அயல்நாட்டின் கருவியறிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்நாட்டு வாழ்வையும் எண்ணத்தையும் விலக்கிவிட இயலுமா? அவற்றையும் ஏற்றுக்கொண்டால் சென்ற பிள்ளை நம் பிள்ளையாகவே திரும்புவானா? இவ்வினாவுக்கு ஆசிய வரலாறு முன்னமே ஒரு விடை எழுதி வைத்துள்ளது. 1872ஆம் ஆண்டு முதல் 1881ஆம் ஆண்டு வரை சீனப் பேரரசு அமெரிக்காவில் நடத்திய கல்விப் பயணமே அது.

பயணத்தின் வித்து

இப்பயணத்தின் தந்தை யுங் விங் என்பவர். இவர் 1828இல் மக்காவுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் ஏழைக் குடியிற் பிறந்தார். சமயப் பரப்பாளர் நடத்திய பள்ளியில் பயின்று, 1847இல் அமெரிக்கா சென்றார். 1854இல் யேல் கல்லூரியில் பட்டம் பெற்று, அமெரிக்கக் கல்லூரியொன்றில் தேறிய முதற் சீனர் என்னும் பெருமையை அடைந்தார். ஆனால் அவர் தாயகம் திரும்பியபோது தாய்மொழி அவர் நாவை விட்டு ஏறக்குறைய அகன்றிருந்தது. பட்டம் பெற்ற அறிஞர் தம் மக்களோடு பேசுவதற்குச் சீன மொழியை மீண்டும் முயன்று கற்க வேண்டியதாயிற்று. இப்பட்டறிவு பின்னர் அவர் வகுத்த திட்டத்தில் பயன்பட்டது என்பதை மேலே காண்போம்.

அக்காலச் சீனம் போர்களில் மேலைநாடுகளிடம் தோற்றுத் தளர்ந்திருந்தது. பீரங்கியும் நீராவிக் கப்பலும் செய்யக் கற்றால் போதும், நாடு பிழைத்துவிடும் என்று அறிவுடைய அமைச்சர் சிலர் கருதினர். அவர்களுள் முதல்வர் செங் குவோபான். அவருக்காக யுங் விங் அமெரிக்கா சென்று பொறிகள் வாங்கி வந்தார். அப்பொறிகள் ஷங்காயில் எழுந்த படைக்கலத் தொழிற்சாலைக்குப் பயன்பட்டன. பொறியை வாங்கினால் போதாது, பொறியாளரை உருவாக்க வேண்டும் என்று யுங் விங் விடாது வற்புறுத்தினார். செங் குவோபானும் லி ஹோங்சாங்கும் அவர் கருத்தை அரசவைக்கு எடுத்துச் சென்றனர். 1871இல் ஒப்புதல் கிடைத்தது. ஆண்டுக்கு முப்பதின்மராக நான்கு ஆண்டுகளில் நூற்று இருபது சிறுவரை அனுப்புவது, ஒவ்வொருவரும் பதினைந்து ஆண்டுகள் தங்கிப் படைத்தொழில், கப்பல் தொழில், பொறியியல் முதலியன கற்பது என்பது திட்டம்.

திட்டம் பெரிதாக இருந்தது, பிள்ளைகள்தாம் கிடைக்கவில்லை. கண்காணாத தேசத்துக்குப் பன்னிரண்டு வயது மகனைப் பதினைந்து ஆண்டு பிரிந்திருக்க எந்தத் தாய் இசைவாள்? நோயோ சாவோ நேர்ந்தால் அரசு பொறுப்பன்று என்று தந்தை கையொப்பமிட வேண்டும் என்பதும் விதி. செல்வரும் உயர்குடியினரும் பின்வாங்கினர். யுங் விங் ஹாங்காங் வரை சென்று மாணவர் தேடினார். இறுதியில் சேர்ந்தவருட் பெரும்பாலோர் குவாங்டோங் மாநிலத்துப் பிள்ளைகளே.

இருப்புப்பாதை வழியே

முதற்குழுவினர் முப்பதின்மர் 1872ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஷங்காயிலிருந்து கப்பலேறினர். திட்டத்துக்குத் துணைநின்ற செங் குவோபான் அவ்வாண்டு மார்ச்சு மாதமே மறைந்துவிட்டார். சான் பிரான்சிஸ்கோவில் இறங்கிய சிறுவர், 1869இல் முற்றுப்பெற்றிருந்த கண்டங்கடக்கும் இருப்புப்பாதை வழியாகக் கிழக்குக் கரைக்குச் சென்றனர். அப்பாதையின் மேற்குப் பகுதியில் மலையைக் குடைந்தும் பாறையை வெடித்தும் உழைத்தோர் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர். தம் இனத்தார் உடலுழைப்பால் இட்ட பாதையில், அறிவுழைப்பைத் தேடி அச்சிறுவர் சென்றனர். மலாயாவின் இருப்புப்பாதைகளில் வியர்வை சிந்திய தமிழரின் வழிவந்த நமக்கு இக்காட்சியின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

கனெக்டிகட், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் உள்ள இல்லங்களில் அவர்கள் இருவர் மூவராகத் தங்கினர். நீண்ட அங்கியும் பின்னற்சடையும் கொண்ட அவர்களைப் பெண்பிள்ளைகள் என்று தெருவில் சிறுவர் நகைத்ததுண்டு. நாளடைவில் அங்கி போய்ச் சட்டை வந்தது. ஆங்கிலம் வந்தது, பள்ளியிற் பரிசுகளும் வந்தன. ஆயினும் சடையை வெட்டுதல் கூடாது. அது மன்னனுக்கு அடங்கிய குடியின் அடையாளம்.

தாம் தாய்மொழி மறந்து பட்ட துன்பத்தைப் பிள்ளைகள் படலாகாது என்பதில் யுங் விங் கருத்தாயிருந்தார். சீன ஆசிரியர்கள் மாணவரோடு அனுப்பப்பட்டனர். ஹார்ட்போர்டு நகரில் இருந்த தலைமை இல்லத்துக்கு மாணவர் சிறு சிறு குழுக்களாக முறைவைத்து வந்து, தங்கிச் சீனமொழியும் தொன்னூல்களும் படித்தனர். விளையாட்டை விட்டு வந்த பிள்ளைகளுக்கு அவ்வகுப்புகள் கசந்தன என்பர். வாரக் கடைசியில் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் முகத்தை அறிந்த ஆசிரியர்க்கு இது புதுமையன்று.

பிலடெல்பியாப் பொருட்காட்சி

1876ஆம் ஆண்டு அமெரிக்கா தன் விடுதலையின் நூற்றாண்டைக் கொண்டாடியது. அதன்பொருட்டுப் பிலடெல்பியாவில் நிகழ்ந்த உலகப் பொருட்காட்சிக்கு மாணவர் நூற்றுக்கு மேற்பட்டோர் அழைத்துச் செல்லப்பட்டனர். அங்கே பொறிக்கூடம் முழுவதையும் இயக்கிய பேருருவான நீராவிப் பொறியொன்று நின்றது. கிரகாம் பெல் தம் தொலைபேசியை மக்கள்முன் காட்டியதும் அப்பொருட்காட்சியிலேதான். மாணவர் எழுதிய பயிற்சிகளும் அங்கே பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தன. குடியரசுத் தலைவர் கிராண்ட் அவர்களை வரவேற்றார்.

சீனச் சுங்கத்துறை சார்பில் அங்கு வந்திருந்த லி குயி என்பவர் அச்சிறுவரோடு உரையாடியதைத் தம் பயண நூலிற் குறித்துள்ளார். காட்சிப் பொருள்களில் எது சிறந்தது என்று அவர் வினவினார். மேலைநாட்டாரின் அச்சுப்பொறியையும் சீனரின் தந்தச் செதுக்கு வேலையையும் மாணவர் சுட்டினர். இவ்விடையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அயலாரின் பொறியைக் கண்டு வியந்த கண், தன் நாட்டுக் கைவினையைக் கண்டு நாணவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து மதிக்கத் தெரிந்திருந்தது. பிறநாட்டுக் கல்வி தரத்தக்க பெரும்பேறு இதுவே அன்றோ?

அச்சமும் அழைப்பும்

ஆனால் கண்காணிக்க வந்த அதிகாரிகளின் கண்ணுக்கு வேறு காட்சிகள் தென்பட்டன. மாணவர் தளப்பந்து ஆடினர், பெண்களோடு நடனமாடினர், சிலர் கிறித்தவ சமயத்தில் நாட்டங்கொண்டனர், சிலர் சடையையே கத்தரித்தனர். இவர்கள் சீனராகத் திரும்பமாட்டார் என்று குற்றச்சாட்டுகள் பெய்ஜிங்குக்குச் சென்றன. அமெரிக்கரும் தம் பங்குக்குத் தவறிழைத்தனர். படைக்கல்லூரியிலும் கடற்படைக் கல்லூரியிலும் சீன மாணவரைச் சேர்க்க மறுத்தனர். எதன்பொருட்டு அரசு பிள்ளைகளை அனுப்பியதோ அந்த வாயிலே அடைபட்டது. மேற்குக் கரையில் சீனத் தொழிலாளர்க்கு எதிரான பகையும் வளர்ந்தது. சீனர் குடியேறுவதைத் தடுக்கும் சட்டம் 1882இல் நிறைவேறியது.

யேல் கல்லூரித் தலைவர் நோவா போர்ட்டர் முறையீடு எழுதினார். எழுத்தாளர் மார்க் ட்வெயினும் அவர் நண்பராகிய போதகர் ஜோசப் ட்விச்செலும் கிராண்டை அணுகினர். கிராண்ட் லி ஹோங்சாங்குக்கு மடல் விடுத்தார். எதுவும் நிலைத்த பயன் தரவில்லை. 1881இல் மாணவர் அனைவரையும் திருப்பியனுப்ப ஆணை பிறந்தது. பதினைந்து ஆண்டுக் கல்வி பாதி வழியில் முறிந்தது. யேலில் பட்டம் முடித்தவர் இருவரே. கப்பலுக்குக் காத்திருந்த வேளையில் ஓக்லாந்து ஆட்டக்குழு அவர்களைத் தளப்பந்துப் போட்டிக்கு அழைத்தது. வென்றவர் சீன மாணவரே.

ஷங்காயில் இறங்கியவர்க்கு வரவேற்பில்லை. காவலர் சூழ அழைத்துச் செல்லப்பட்டுப் பாழடைந்த கட்டடம் ஒன்றில் அடைக்கப்பட்டனர். பின்னர், கற்றது எது என்று கேளாமலே, தந்தி அலுவலகத்துக்கும் கடற்படைக்கும் பங்கிடப்பட்டனர். அவ்வாறு கடற்படையிற் சேர்ந்தவருட் சிலர் 1884ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் போரில் தம் கப்பலோடு உயிர்நீத்தனர். பிற பண்பாட்டில் தோய்ந்தவர் நாட்டை மறப்பர் என்று அஞ்சிய அரசுக்கு, அவ்விளைஞர் தந்த விடை இது.

மலையைக் கடந்த பாதை

யேலில் பட்டம் பெற்ற இருவருள் ஒருவர் ஜான் தியென்யூ. 1861இல் பிறந்து, முதற்குழுவிற் சென்றவர். இருப்புப்பாதைப் பொறியியலை உள்ளடக்கிய கட்டுமானப் பொறியியலில் தேர்ந்த அவரை, அரசு கடற்படைப் பள்ளிக்கு அனுப்பியது; பின் ஆங்கிலம் கற்பிக்க வைத்தது. ஏழாண்டுகள் வீணாயின. 1888இல்தான் இருப்புப்பாதைப் பணி கிட்டியது.

பெய்ஜிங்கிலிருந்து சாங்ஜியாகோ வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பாதை அமைப்பது யார் என்று பிரிட்டனும் ரஷ்யாவும் போட்டியிட்டன. சீனம் தன் பணத்தில், தன் பொறியாளரைக் கொண்டே அமைப்பது என்று முடிவு செய்தது. 1905இல் பொறுப்பேற்ற ஜான் தியென்யூ 1909இல் பணியை முடித்தார். குறித்த காலத்துக்கு முன்னரே முடித்தார். பெருஞ்சுவர் ஓடும் பாடாலிங் மலையில் 1,091 மீட்டர் நீளச் சுரங்கத்தை இரு முனைகளிலிருந்தும், மேலிருந்து இறக்கிய கிணறுகளின் வழியாகவும் ஒருங்கே குடைந்தார். செங்குத்தான ஏற்றத்தில் வண்டி முன்னேறிச் சென்று, நின்று, பின்னோக்கித் திரும்பி ஏறுமாறு பாதையை வளைத்தார். அவ்வளைவு சீன மொழியில் 'மனிதன்' என்பதைக் குறிக்கும் எழுத்தின் வடிவில் அமைந்தது.

எனினும், ஆசிரியர்களாகிய நாம் அவருடைய இன்னொரு பணியை இதனினும் உயர்வாகப் போற்றுதல் தகும். சீனப் பொறியாளர்க்கெனச் சங்கம் அமைக்க முன்னின்ற அவர், 1915இல் ஆங்கிலப் பொறியியற் சொற்களுக்குச் சீனச் சொல் தரும் அகராதி ஒன்றைத் தொகுத்து வெளியிட்டார். பன்னிரண்டு வயதுக்குள் தாய்நாட்டை விட்டுப் போய், ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலத்திலேயே கற்றவர் செய்த செயல் இது. பாதையை ஒருவர் அமைத்துவிடலாம். அடுத்த தலைமுறை ஆயிரம் பாதைகள் அமைக்க வேண்டுமானால் அவ்வறிவு அவர்தம் மொழியில் இருத்தல் வேண்டும். தலைமை இல்லத்தில் கசப்போடு கற்ற சீனப்பாடம் இல்லையேல், அவ்வகராதி எழுந்திருக்குமா?

நமக்குரிய பாடம்

அம்மாணவருள் தாங் ஷாவோயி 1912இல் சீனக் குடியரசின் முதற் பிரதமரானார். லியாங் செங், அமெரிக்காவில் தூதராய் இருந்து, சீனம் செலுத்திய போர்த்தண்டத்தின் மிகைப்பணத்தைத் திரும்பப் பெற வாதாடினார். அப்பணத்தால் 1911இல் சிங்ஹுவா கல்விக்கூடம் தோன்றியது. பயணத்தைத் தோல்வி என்று முடித்துவைத்த அரசகுலம் 1912இல் மறைந்தது. மாணவர் விதைத்தவை நிலைத்தன.

தொழிலறிவையும் பண்பாட்டறிவையும் பிரித்து, ஒன்றைக் கொள்க, ஒன்றைத் தள்ளுக என்று மாணவனிடம் கூறுவது இயலாத கட்டளை. பொறியை உருவாக்கிய மக்களோடு வாழ்ந்து பழகாதவன் பொறியின் உயிரை அறியான். அவ்வாறு பழகுபவன் தன்னை இழவாதிருக்கக் காவலாவது கண்காணிப்பும் அன்று, சடையும் அன்று. நெஞ்சிற் பதிந்த தாய்மொழியே. நம் மாணவர் தோக்கியோவுக்கும் லண்டனுக்கும் செல்லட்டும். அந்நாட்டார் பாடலைக் கேட்கட்டும், அவர்தம் ஆட்டத்தை ஆடட்டும். அதற்குமுன் அவர்களுக்கு வேண்டிய தமிழைக் கொடுத்தனுப்புவது நம் கடன். கற்ற தொழிலைத் தமிழிற் சொல்ல அவர்கள் திரும்பி வரும் நாளில், அவர்கள் நாடும் சொற்கள் நம் வகுப்பறையில் கற்றவையாகவே இருக்கும்.