சீறும் நாயை உலாவ அழைத்துச் செல்லுதல்: கோலா சுங்கை பாரு வட்டாரம்

வீட்டில் சாதுவாகக் கிடக்கும் நாய், கயிறு கட்டி வெளியே கூட்டிப் போனதும் எதிரே வரும் இன்னொரு நாயைக் கண்டு குரைக்கிறது, உறுமுகிறது, கயிற்றை இழுத்துப் பாய்கிறது. இத்தகைய நாய்களை நடத்தை வல்லுநர்கள் எதிர்வினை நாய்கள் என்பார்கள். தோட்டப்புறத் தமிழர்கள் 'சீறுற நாய்' என்று சொல்லிவிட்டு, அதைக் கொட்டகையில் கட்டிப் போட்டுவிடுவது வழக்கம். இத்தகைய நாயைப் பிறருக்கும் அதற்கும் தொல்லையில்லாமல் நடத்திச் செல்லும் முறைகளை, மலாக்காவின் கோலா சுங்கை பாரு வட்டாரச் சூழலில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

வட்டாரமும் அதன் நாய்களும்

கோலா சுங்கை பாரு, அலோர் காஜா மாவட்டத்தில் மலாக்கா நீரிணைக் கரையில், சுங்கை பாரு ஆறு கடலில் கலக்குமிடத்தில் அமைந்த சிற்றூர். பக்கத்துப் பெரிய ஊர் மஸ்ஜிட் தானா. வடமேற்கே லிங்கி ஆறு, நெகிரி செம்பிலான் மாநிலத்தைப் பிரிக்கும் எல்லை. கரையோரம் மீனவர் குடியிருப்புகளும் சீனர் கடைவீதியும், சற்று உள்ளே மலாய்க் கம்பங்களும் (கிராமங்களும்), அதற்கும் அப்பால் முன்பு ரப்பரும் இப்போது பெரும்பாலும் செம்பனையும் நிற்கும் தோட்டங்களும் உள்ளன. இந்த அடுக்கு நாய்க்காரருக்கு முக்கியம். கடைவீதியிலும் தோட்டக் குடியிருப்பிலும் நாய்கள் அதிகம். மலாய்க் கம்பங்களில் மிகக் குறைவு.

தோட்டத்து லயங்களில் (வரிசை வீடுகளில்) நாய் ஒருவர் வீட்டு நாயாக இருந்தாலும் லயம் முழுக்கச் சுற்றும். குட்டியாக இருக்கும்போதே பத்து நாயோடு புரண்டு, கடிபட்டு, விட்டுக்கொடுத்து, எந்த நாயிடம் எப்படி நடப்பது என்று பழகிவிடும். காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகும் நாய்கள் கூட்டமாகவே வளர்ந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் பயிர் மாறியும் பல குடும்பங்கள் தாமான் (வீடமைப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது நாயும் கூடவே போனது. ஆனால் அதன் வாழ்க்கை இரும்புக் கேட்டுக்குள் சுருங்கியது. கேட்டில் 'ஆவாஸ் அஞ்சிங்' (நாய் ஜாக்கிரதை) என்ற பலகை, உள்ளே சங்கிலி. ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் ஆகியோர் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வு 1965இல் நூலாக வந்தது. குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரை அது பிற உயிர்களோடு பழகக் கற்கும் பருவம் என்று அது காட்டியது. அந்த வாரங்களைச் சங்கிலியில் கழித்த நாய், மூன்று வயதில் சாலைக்கு வந்து இன்னொரு நாயைக் கண்டு சீறினால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இந்த வட்டாரத்தில் சீறும் நாய் பெரிதும் தாமான் வாழ்க்கையின் விளைவு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சீற்றத்தின் காரணம்

பெரும்பாலான நாய்கள் அச்சத்தால் சீறுகின்றன. குரைத்ததும் எதிர்நாய் விலகிப் போவதால், குரைத்தால் பிழைக்கலாம் என்று கற்றுக்கொள்கின்றன. வேறு சில, விளையாடப் போக ஆசைப்பட்டுக் கயிறு தடுப்பதால் எரிச்சலில் பாய்கின்றன. இவற்றை அவிழ்த்துவிட்டால் வாலாட்டிக்கொண்டு நிற்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அடிப்படை வேறு. கயிறே சிக்கலைக் கூட்டுவதும் உண்டு. செக் நாட்டில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், கயிற்றில் வந்த நாய்கள் சந்தித்தபோது மிரட்டல் நடத்தை, அவிழ்ந்த நாய்களிடம் கண்டதைப் போல இருமடங்கு அடிக்கடி தென்பட்டது. கயிற்றில் இருக்கும் நாய் வளைந்து ஒதுங்க முடியாது. நேருக்கு நேர் போக வேண்டியிருக்கிறது. நாய்களின் வழக்கப்படி அது மரியாதைக் குறைவு.

திடீரென்று சீறத் தொடங்கிய நாயை முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். மூட்டு வலி, காதுப்புண், உண்ணி வழியாக வரும் எர்லிக்கியா காய்ச்சல் ஆகியவை நாயின் பொறுமையைக் குறைக்கும். உண்ணிக் காய்ச்சல் மலேசிய நாய்களிடம் சாதாரணமாகக் காணப்படுவது.

தூரமே மருந்து

ஒவ்வொரு நாய்க்கும் ஓர் எல்லைத் தூரம் உண்டு. அதற்கு அப்பால் எதிர்நாய் நின்றால் பார்க்கும், காது நிமிர்த்தும், கொடுத்த தீனியைத் தின்னும். எல்லைக்குள் வந்துவிட்டால் கோழிக்கறியைக் காட்டினாலும் திரும்பிப் பார்க்காது. அந்த நிலையில் எதையும் கற்பிக்க முடியாது. ஆகவே உலாவின் கலை என்பது பெரும்பாலும் தூரத்தைக் காப்பதுதான்.

இந்த இடத்தில் செம்பனைத் தோட்டம் ஒரு நல்ல அளவுகோலைத் தருகிறது. செம்பனையை முக்கோண வடிவில், மரத்துக்கு மரம் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். அப்படி நட்டால் ஒரு ஹெக்டேருக்கு 140 மரங்களுக்குச் சற்று மேல் வரும். நிரையில் எத்தனை மரத்துக்கு அப்பால் மற்ற நாய் நிற்கும்போது நம் நாய் அமைதியாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டால், எல்லைத் தூரம் கைக்கு வந்துவிடும். ஐந்து மரம் என்றால் 45 மீட்டர். அடுத்த மாதம் நான்கு மரமானால் முன்னேற்றம். வெட்டிய மட்டைகளை நிரைகளுக்கிடையே குவித்து வைத்திருப்பதால் பார்வையை மறைக்கவும் இடம் கிடைக்கும். ஆனால் அந்த மட்டைக் குவியலில் எலியும், எலியைத் தேடி நாகப்பாம்பும் இருக்கும். நாயின் மூக்கை அதற்குள் விடக்கூடாது. எலிக்கு வைக்கும் மெழுகுக் கட்டி மருந்தும், பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணியும் நாய்க்கு எமன். குலை வெட்டு நடக்கும் நிரையைத் தவிர்க்க வேண்டும். நிர்வாகத்தின் அனுமதியில்லாமல் தோட்டத்துக்குள் நுழையவும் கூடாது.

தூரத்தைக் காத்தபடி செய்யும் பயிற்சி எளிமையானது. நாய் எதிர்நாயைப் பார்க்கிறது; பார்த்த கணமே தீனி கிடைக்கிறது. மறைந்ததும் தீனி நின்றுவிடுகிறது. வரிசை முக்கியம்: முதலில் தீனியைக் காட்டிவிட்டுப் பிறகு எதிர்நாய் வந்தால், தீனியே ஆபத்தின் முன்னறிவிப்பாகிவிடும். இதன் வேர் பாவ்லோவின் ஆய்விலும், 1958இல் ஜோசப் வோல்பே மனிதர்களின் அச்சத்துக்கு விவரித்த படிப்படியான பழக்கமுறையிலும் இருக்கிறது. நாய்ப் பயிற்றுநர் லெஸ்லி மெக்டெவிட் 2007இல் வெளியிட்ட நூலின் வழியே, 'அதைப் பார்' என்ற விளையாட்டாக இது பரவியது. அவித்த கோழிக்கறி போதும். நெத்திலி கொடுப்பதானால் உப்பைக் கழுவிவிட வேண்டும். துண்டு சுண்டுவிரல் நகத்தளவு இருந்தால் நிறைய முறை கொடுக்கலாம். வாரக்கணக்கில், சில நாய்களுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

தொல்லைகள் அடுத்தடுத்து வந்தால் சேர்ந்துகொள்ளும் என்பதும் நினைவில் இருக்கவேண்டும். காலையில் கேட் நாய் குரைத்தது, பிறகு குரங்குக் கூட்டம், பிறகு மோட்டார் சத்தம் என்று வந்தபின், வழக்கமாகத் தாங்கும் தூரத்திலும் நாய் வெடித்துவிடும். அன்று பயிற்சி வேண்டாம். வீட்டுக்குத் திரும்புவதே நல்லது. திரும்பிப் போவதற்கும் முன்னமே பழக்கம் வேண்டும்: 'வா' என்றதும் அரைவட்டம் அடித்து எஜமானரோடு வருவதை வீட்டு வாசலில், எந்த நாயும் இல்லாத நேரத்தில், விளையாட்டாகச் சொல்லிக் கொடுக்கலாம்.

அவிழ்ந்து திரியும் நாய்கள்

மேலைநாட்டுக் கையேடுகள், எதிரே வரும் நாயும் கயிற்றில் இருக்கும், கூடவே ஓர் எஜமானர் இருப்பார் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. கோலா சுங்கை பாருவில் எதிரே வருவது பெரும்பாலும் யாருமில்லாத நாய். 2012இல் சுவீடனிலும் கனடாவிலும் தொடங்கிய மஞ்சள் நாடா வழக்கம் — கயிற்றில் மஞ்சள் துணி கட்டினால் கிட்ட வராதீர்கள் என்று பொருள் — இங்கே குப்பைத் தொட்டியடியில் நிற்கும் நாய்க்குப் புரியப் போவதில்லை.

ஆகவே நேரமும் பாதையும்தான் முதல் பாதுகாப்பு. படகுகள் மீனோடு திரும்பும் நேரத்தில் துறைப்பக்கம் நாய்கள் கூடும். பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை நடக்கும் இரவும் அதற்கு மறுநாள் விடியலும் எச்சிலைத் தேடி வரும் நாய்களின் நேரம். தாமானில் இருபக்கமும் வரிசையாகக் கேட் நாய்கள் குரைக்கும் தெருவில் சீறும் நாயை நடத்துவது அதற்குத் தண்டனை. காரிலோ, சின்ன நாயானால் மோட்டார்க் கூடையிலோ ஏற்றிக்கொண்டுபோய்த் திறந்த இடத்தில் இறக்கி நடத்துவது எவ்வளவோ மேல். தஞ்சோங் பிடாரா, பெங்காலான் பாலாக் கடற்கரைகளில் வார நாள் காலைகளில் கூட்டம் குறைவு; வார இறுதியில் அங்கே போகவேண்டாம். லிங்கி ஆற்று முகத்துவாரச் சேற்றோரம் எந்த நாளும் வேண்டாம். அங்கே முதலைகள் உண்டு.

அவிழ்ந்த நாய் நேரே வந்துவிட்டால் ஓடக்கூடாது. தன் நாயைப் பின்னால் இழுத்து நடுவில் நிற்கவேண்டும். ஒரு கைப்பிடித் தீனியை வரும் நாயின் முகத்துக்கு நேரே தரையில் சிதறினால் பெரும்பாலான நாய்கள் நின்று பொறுக்கத் தொடங்கிவிடும். அந்த இடைவெளி விலகப் போதும். குடையைச் சட்டென்று விரிப்பதும் உதவும், ஆனால் தன் நாயை அந்தச் சத்தத்துக்கு முன்னமே பழக்கியிருக்க வேண்டும். குனிந்து கல் பொறுக்குவதுபோலப் பாவனை செய்தாலே தோட்டத்து நாய்கள் பின்வாங்கும் என்பது தாத்தா காலத்து அறிவு. அதற்குக் கல்லை எறியத் தேவையில்லை. சண்டை மூண்டுவிட்டால் வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோகக் கூடாது. தண்ணீரை ஊற்றியோ நடுவே குடையையோ பலகையையோ நுழைத்தோ பிரிக்கவேண்டும்.

கயிறும் வாய்க்கூடும்

ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளமுள்ள தட்டையான கயிறும், மார்பைச் சுற்றிப் போடும் பட்டையும் போதும். தானாக நீண்டு சுருங்கும் கயிறு இந்த வேலைக்கு ஆகாது. கடித்த வரலாறு உள்ள நாய்க்குக் கூடை வடிவ வாய்க்கூடு வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை, நாக்கை நீட்டி இளைக்க விடாது, இந்த வெயிலில் உயிருக்கே ஆபத்து. கூடைக்குள் தீனி வைத்து நாய் தானாக மூக்கை நுழைக்கும்வரை பொறுத்துப் பழக்குவது முறை. எலிமருந்தைத் தின்பதிலிருந்தும் அது காக்கும்.

'அடியாத மாடு படியாது' என்ற பழக்கத்தில் ரோத்தானை (பிரம்பை) எடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கழுத்தை நெரிக்கும் சங்கிலியும் மின்னதிர்ச்சிப் பட்டையும் அதே சிந்தனையின் பிள்ளைகள். எதிர்நாயைப் பார்க்கும்போதெல்லாம் வலித்தால், அந்த வலிக்கு எதிர்நாயே காரணம் என்று நாய் முடிவு செய்யும். உறுமினால் அடி என்று கற்றுக்கொண்ட நாய், அடுத்தமுறை உறுமாமலே கடிக்கும். அமெரிக்கக் கால்நடை நடத்தை மருத்துவக் கழகம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, வெகுமதி வழிப் பயிற்சியையே பரிந்துரைக்கிறது. வேல்ஸ் 2010இலேயே மின்னதிர்ச்சிப் பட்டையைத் தடை செய்தது.

அண்டை அயலார்

நாய்கள் மிகக் குறைவு என்பதால் சீறும் நாய்க்கு மிக அமைதியான பாதை மலாய்க் கம்பத்துச் சாலைதான். ஆனால் ஷாஃபி மரபைப் பின்பற்றும் முஸ்லிம்களுக்கு நாயின் எச்சிலும் ஈரமும் பட்டால் ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவவேண்டிய கடமை உண்டு. சுபுஹு தொழுகைக்கு மக்கள் சூராவுக்கு (சிறு தொழுகையிடத்துக்கு) நடக்கும் நேரமும், நாய்க்காரர் விரும்பும் விடிகாலை நேரமும் ஒன்றாக வருவதால், சூராவ் பக்கமுள்ள பாதையைத் தவிர்ப்பதும், ஆள் வந்தால் சாலையின் மறுபக்கம் போவதும், மழையில் நனைந்த நாயைக் கம்பத்துப் பக்கம் கொண்டுபோகாமலிருப்பதும் மரியாதை. மலத்தை அள்ளிவிட வேண்டும் என்று தனியே சொல்லவேண்டியதில்லை. 'அஞ்சிங் சாயா தாக்குட், ஜாங்கான் டெக்கட்' — என் நாய் பயப்படும், கிட்ட வராதீர்கள் — என்று சிரித்துச் சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. நாயைக் குறித்த உணர்வுகள் எவ்வளவு கூர்மையானவை என்பதை, 2014 அக்டோபரில் சிலாங்கூரின் பண்டார் உத்தாமாவில் முஸ்லிம்கள் நாயைத் தொட்டுப் பழக நடந்த நிகழ்ச்சியும் அதையொட்டி எழுந்த சர்ச்சையும் நாட்டுக்கே காட்டின.

சட்டமும் மருத்துவமும்

நாய் வளர்ப்போர் ஊராட்சி மன்றத்திடம் உரிமம் பெறவேண்டும். இந்த வட்டாரத்துக்கு அலோர் காஜா நகராண்மைக் கழகம். உரிமப் பட்டை இல்லாமல் அவிழ்ந்து திரியும் நாய் பிடிபடும். 2017இல் நடைமுறைக்கு வந்த விலங்குநலச் சட்டம் 2015, கொடுமைக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது.

சரவாக்கில் 2017 முதல் வெறிநாய்க்கடி நோய் தொடர்கிறது. தீபகற்பத்திலும் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் தலைகாட்டியது. எனவே எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

பயிற்சிக்கு அடங்காத அச்சம் உள்ள நாய்களுக்கு ஃப்ளுவாக்சிட்டின், குளோமிப்ரமின் போன்ற மருந்துகளைக் கால்நடை மருத்துவர் எழுதித் தரலாம். பயிற்சியோடு சேர்த்தால்தான் அவை பலன் தரும், வேலை செய்யச் சில வாரங்களும் பிடிக்கும். மனிதருக்கான மாத்திரையைத் தாமே உடைத்துக் கொடுக்கக் கூடாது. சில நாய்கள் எவ்வளவு பழக்கினாலும் மற்ற நாய்களை விரும்பப் போவதில்லை. அந்த நாய்களுக்கு வீட்டு வளாகத்தில் புல்லுக்குள் தீனியைத் தூவி மோந்து தேடவிடுவதும், வாரத்தில் சில நாள் ஆளில்லாத இடத்தில் நீளக் கயிற்றில் நடத்துவதும் போதுமானது. தினமும் சாலைக்குக் கொண்டுபோயே தீரவேண்டும் என்பதில்லை.