மேடைக்குத் திரும்பிய நடிகர்: பிருத்விராஜ் கபூரின் நாடக வாழ்வு

பிருத்விராஜ் கபூர் என்ற பெயரைக் கேட்டவுடன், 1960-ல் வெளிவந்த 'முகல்-ஏ-ஆஸம்' படத்தில் அக்பர் சக்கரவர்த்தியாகத் தோன்றிய அந்தக் கம்பீர உருவமே நம்மவரிற் பெரும்பாலோர்க்கு நினைவில் எழும். அப்பிரசித்தி நியாயமானதே. ஆயினும், 1944 முதல் பதினாறு ஆண்டுக் காலம், பம்பாயின் மாட்டுங்காவைத் தம் இல்லமாகவும் தேசம் முழுவதையும் தம் அரங்கமாகவும் கொண்டு அவர் நடத்திய நாடகக் குழுவே அவருடைய கலைவாழ்வின் மைய ஸ்தானம் என்பதும், சினிமா அதற்குப் பொருள் சேர்த்துத் தந்த துணைத் தொழிலாகவே இருந்தது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

அவர் 1906 நவம்பர் 3-ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள சமுந்திரியில் பிறந்தவர். பெஷாவர் எட்வர்ட்ஸ் கல்லூரியில் பயின்ற நாளிலேயே நாடக மேடையின் மோகம் அவரைப் பற்றிக்கொண்டது. 1920-களின் இறுதியில் பம்பாய் வந்து, இம்பீரியல் பிலிம் கம்பெனியில் கூட்டத்தில் ஒருவராக நிற்கும் துணை நடிகராகத் தொடங்கி, விரைவிலேயே கதாநாயகரானார். 1931-ல் இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா' வெளிவந்தபோது அதில் அவருக்கும் ஒரு பாத்திரம் இருந்தது.

அதே படம்தான் அவர் நேசித்த மேடைக்கு நெருக்கடியையும் கொண்டுவந்தது. பாட்டும் வசனமும் திரையிலேயே கிடைக்கத் தொடங்கியதும், அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பம்பாயை ஆண்டுவந்த பார்ஸி நாடகக் கம்பெனிகள் நிலைகுலைந்தன. அவற்றின் நடிகர்களும் பாடகர்களும் ஸ்டூடியோக்களை நாடிப் போயினர். கொட்டகைகள் சினிமா அரங்குகளாயின. இந்தச் சமயத்தில்தான் பிருத்விராஜ் எதிர்த் திசையில் நடந்தார். கிராண்ட் ஆண்டர்ஸன் என்பவரின் ஆங்கில நாடகக் குழுவிற் சேர்ந்து, ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்து, ஊர் ஊராய்ச் சுற்றினார். அக்குழு கலைந்தபின் கல்கத்தாவில் 'சீதா' (1934), 'வித்யாபதி' (1937) முதலிய படங்களிலும், மீண்டும் பம்பாய் வந்து 1941-ல் சோராப் மோடியின் 'சிக்கந்தர்' படத்திலும் நடித்துப் பெரும்புகழ் பெற்றார் எனினும், சுற்றித் திரிந்த அந்நாட்களின் ருசி அவரை விட்டு அகலவில்லை என்பதற்குப் பின்னர் அவர் செய்த காரியமே சாட்சி.

அக்காரியத்தை அயர்லாந்தின் நாடகச் சரித்திரத்தோடு ஒப்பிடுவது பயன்தரும். டப்ளினில் 1904-ல் தோன்றிய ஆபி தியேட்டர் தன் தேசத்தின் ஆன்மாவையே மேடையேற்றிய ஸ்தாபனம். அங்கே பயின்ற பாரி ஃபிட்ஸ்ஜெரால்டு ஹாலிவுட் சென்று, 1944-ல் வெளிவந்த ஒரு படத்துக்காக ஆஸ்கர் விருதும் பெற்றார். மேடையிலிருந்து திரைக்கு என்பதே அந்நாளில் உலகெங்கும் நடிகர் சென்ற மார்க்கம். அதே 1944-ஆம் ஆண்டின் ஜனவரியில், பிருத்விராஜ் திரையில் ஈட்டியதை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்து 'பிருத்வி தியேட்டர்ஸ்' குழுவை நிறுவினார். ஆபிக்குச் சொந்தக் கட்டடமும், 1925 முதல் அரசாங்க மானியமும் இருந்தன. இவருக்கோ தம் சம்பாத்தியமும் சரீரமுமே மூலதனம்.

அக்காலத்தில் அவர் மாட்டுங்காவில், காலேஜ் பேக் ரோடு என வழங்கிய தெருவில் வசித்துவந்தார். தென்னிந்தியர் தம் பள்ளிகளையும் கோயில்களையும் சங்கீத சபைகளையும் வளர்த்துக்கொண்டிருந்த அதே மாட்டுங்காவில் பஞ்சாபிக் கலைஞர் பலரும் குடியிருந்தனர். காலையில் காபிக் கடைக்கு நடந்த நம்மவர், எதிரே வந்த அந்த நெடிய உருவத்தை நின்று பார்த்திருப்பர் என்று எண்ணுவதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

முதலில் மேடையேறியது 'சகுந்தலா'. காளிதாசனின் காவியச் சுவையை நான் குறைத்து மதிப்பவனல்லன். ஆனால் குழுவின் சுயரூபம் வெளிப்பட்டது 1945-ல் அரங்கேறிய 'தீவார்' நாடகத்திலேதான். ஒற்றுமையாய் வாழும் இரு சகோதரர் வீட்டில் அந்நியர் விருந்தினராய் நுழைகின்றனர். அவர்கள் தூண்டுதலால் உடன்பிறந்தாரிடையே பகை மூள்கிறது. வீட்டின் நடுவே சுவர் எழுகிறது. இறுதியில் அச்சுவர் இடித்துத் தள்ளப்படுகிறது. தேசப் பிரிவினைக்கு இரண்டாண்டு முன்னரே, சபையோர் கண்ணெதிரே ஒரு வீட்டைப் பிளந்து காட்டிய இந்நாடகத்தின் தீர்க்கதரிசனம் வியக்கத்தக்கது. 'பட்டான்', 'கத்தார்', 'ஆஹுதி' ஆகியவையும் ஹிந்து முஸ்லிம் உறவையும் பிரிவினையின் புண்ணையுமே பொருளாகக் கொண்டவை. கலவரத்திற் கடத்தப்பட்டு மீண்ட பெண்ணைச் சமூகம் எவ்வாறு நடத்துகிறது என்று 'ஆஹுதி' 1949-லேயே கேட்டது. அத்துணிவுக்கு ஈடாக அந்நாளைய ஹிந்திப் படம் ஒன்றை என்னாற் சொல்ல இயலவில்லை.

பம்பாயில் இக்குழு ஆடிய ராயல் ஆபரா ஹவுஸில் மாலை வேளைகள் சினிமாவுக்கு உரியவை. எனவே நாடகங்கள் பகற்பொழுதிலேயே நடந்தன. திரை விழுந்ததும் பிருத்விராஜ் வாயிலருகே வந்து, துணியை யாசகப் பையாக ஏந்தித் தலைகுனிந்து நிற்பார். வெளியேறும் மக்கள் அதில் இட்ட காசு துயருற்றோர்க்கான நிதிக்குச் சென்றது. சற்றுமுன் மேடையில் சிங்கம்போல் நின்றவர் தம் ரசிகர்முன் யாசகராய் நிற்கும் அக்காட்சியில், கலைஞன் சமூகத்துக்குக் கடன்பட்டவன் என்ற அவருடைய சித்தாந்தம் முழுவதும் அடங்கியிருந்தது. நடிகை ஜோரா சேகல் பதினான்கு ஆண்டுகள் இக்குழுவிற் பணியாற்றினார். பின்னாளில் திரையிசையை ஆண்ட சங்கர், ஜெய்கிஷன் இருவரும் இங்கே வாத்தியம் வாசித்தவர்கள்.

ஊர் ஊராய் ரயிலேறிச் சென்று இக்குழு நடத்திய காட்சிகள் மொத்தம் 2,662 என்பது பெரும்பாலோர் கூறும் கணக்கு. நம் தமிழ்நாட்டில் 1925-ல் தோன்றிய டி.கே.எஸ். சகோதரர்களின் சபையும் இத்தகைய சஞ்சாரக் குடும்பமே. தமிழ்க் கம்பெனிகள் பால்யத்திலேயே சிறுவரைச் சேர்த்து வளர்த்த குருகுலங்கள். பிருத்வி தியேட்டர்ஸோ ஒரு புகழ்பெற்ற நடிகரின் வருமானத்தைச் சார்ந்த ஸ்தாபனம்.

அந்தச் சார்பே அதன் பலவீனமாயிற்று. 1952-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானதும், 1954-ல் சங்கீத நாடக அகாதெமியின் ஃபெல்லோஷிப் பெற்றதும் கௌரவங்கள். அவை பெட்டியை நிரப்பவில்லை. 'பைசா' நாடகத்தைத் தாமே படமாக இயக்கி 1957-ல் வெளியிட்டார். அம்முயற்சியினிடையே, எந்த ஒலிபெருக்கியும் இன்றிக் கடைசி வரிசையை எட்டிய அவருடைய குரல் கெட்டது. பின்னர் அது பழைய நிலைக்கு மீளவேயில்லை. 1960-ல் குழு மூடப்பட்டது. அக்பராக அவர் திரையில் பேசிய அதே ஆண்டு இது. மேடையைத் தாங்கும் வலிமை இழந்த குரலையே நாம் கம்பீரத்தின் இலக்கணம் என்று கொண்டாடுகிறோம். அவ்வாறெனில், 1945-ல் அது எவ்வாறு ஒலித்திருக்கும்!

மூத்த மகன் ராஜ் கபூர் 1948-ல் தொடங்கிய ஆர்.கே. ஸ்டூடியோ செம்பூரில் வேரூன்றியது. 1951-ன் 'ஆவாரா'வில் பிருத்விராஜ் நீதிபதியாகவும், மகன் அவர் கைவிட்ட பிள்ளையாகவும் எதிரெதிரே நின்றனர். சினிமாவின் பொருளை நாடகத்துக்குச் செலவிட்ட தந்தையின் வழியை மகன் பின்பற்றவில்லை. இளைய மகன் சசி கபூரே பின்பற்றினார். பிருத்விராஜ் 1972 மே 29-ல் காலமானார். தாதா சாகேப் பால்கே விருது அவர் மறைவுக்குப் பின்னரே அளிக்கப்பட்டது. அவர் நாடகத்துக்கென விரும்பியிருந்த ஜுஹு நிலத்தில், சசி கபூரும் அவர் மனைவி ஜெனிஃபரும் 1978 நவம்பரில் பிருத்வி தியேட்டரைத் திறந்தனர். தந்தையின் குழுவுக்கு ஒருநாளும் சொந்தக் கொட்டகை இருந்ததில்லை. மகன் எழுப்பியதோ, சொந்தக் குழுவைச் சார்ந்து நில்லாமல், எந்தக் குழுவும் வந்து ஆடத்தக்க கொட்டகை. ஆதலாலேயே அது இன்றும் நடைபெறுகிறது.